ஊர் திரும்பிய சத்தம்

2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், ஒரு கிழவர் மேடைக்கு அடியிலிருந்து கருப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே மேலெழுந்து வந்தார். வயது 76. பார்க்கின்சன் நோய், முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சைகள், நிற்க முடியாத உடம்பு. பெயர் ஓசி ஓஸ்போர்ன், 'பிளாக் சாபத்' குழுவின் பாடகர். ஹெவி மெட்டல் என்று உலகம் அழைக்கிற இசை இந்தக் குழுவிலிருந்து தொடங்குகிறது என்பதில் அந்த இசையின் பக்தர்களுக்கும் விரோதிகளுக்கும் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. தனிக் குழுவோடு ஐந்து பாட்டு, 1968இல் கூடச் சேர்ந்த அதே மூன்று கூட்டாளிகளோடு நான்கு பாட்டு. அவ்வளவுதான். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, செத்துப்போனார்.

நான் இதை நத்தத்தில், வீட்டுத் திண்ணையில், கைபேசித் திரையில் துண்டு துண்டாகப் பார்த்தேன். பக்கத்தில் அப்பத்தா.

"யார்ரா இந்தாளு? கண்ணுக்கு மையி, கருப்பு அங்கி... கோடாங்கியா?"

"பாட்டுக்காரரு அப்பத்தா. உடம்புக்கு முடியல. கடைசியா சொந்த ஊருல பாட வந்திருக்காரு."

"எந்த ஊரு?"

"சீமையில."

"சீமையிலயும் ஒக்காந்துதான் குறி சொல்றாகளா?"

அப்பத்தா சொன்னதை நான் சிரித்துக் கடந்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படித்த பல கட்டுரைகளைவிட அது பக்கத்தில் போயிருக்கிறது என்று பட்டது. அங்கே நடந்தது வெறும் கச்சேரி அல்ல. தான் விலக்கி வைத்திருந்த ஒரு சத்தத்தைத் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்ளும் ஊர்ச்சடங்கு அது. யாருக்கு அந்த அழைப்பு கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது, அழைக்கப்படுகிறவனிடம் ஊர் என்ன கேட்கிறது என்பவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

வெள்ளைக்கார ராக் பாடகனைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கு பர்மிங்காம் என்றால் ஸ்டூவர்ட் ஹால். 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கி ஹால் வளர்த்தெடுத்த சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம். வெகுசனப் பண்பாட்டைக் குப்பை என்று ஒதுக்காமல் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று நமக்குத் துணிச்சல் கொடுத்தது அந்த இடம்தான். ஆனால் அந்த மையம் கூடி விவாதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரத்தின் இன்னொரு மூலையில், தொழிலாளி வீட்டுப் பையன்கள் நான்கு பேர் ஒரு புதிய சத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். 1979இல் வந்த டிக் ஹெப்டிஜின் நூலில் பங்க் இசைக்கும் ரெகே இசைக்கும் கிடைத்த மரியாதை மெட்டலுக்குக் கிடைக்கவில்லை. பங்க் தன் கலகத்தைத் தானே விளக்கிச் சொல்லும். கலைக்கல்லூரி வாசனை அதில் உண்டு, எனவே விமர்சகனுக்கு வசதி. மெட்டல் விளக்கம் சொல்லாது. மண்டையோடு, சாத்தான், நீள முடி என்று அசட்டுத்தனமாக நிற்கும். 1970இல் முதல் இசைத்தட்டு வந்தபோது 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் அதை மட்டம் தட்டித்தான் எழுதினார். இடதுசாரி விமர்சனமும் தன் காலடியில் கேட்ட சத்தத்தைக் கேட்காமல் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நானறிந்து இல்லை. (அந்த மையத்தின் வாரிசாக இருந்த துறையைப் பல்கலைக்கழகம் 2002இல் இழுத்து மூடிவிட்டது. பாடகனுக்குச் சிம்மாசனம், ஆய்வாளனுக்குப் பூட்டு.)

பூட்டு என்றதும் திண்டுக்கல் ஞாபகம் வருகிறது. பர்மிங்காமிலிருந்து கொஞ்ச தூரத்தில் வில்லன்ஹால் என்று ஒரு ஊர், இங்கிலாந்தின் பூட்டு ஊர். குனிந்து அராவி அராவிக் கூன் விழுந்தவர்கள் அங்கே அதிகம் என்பதால் 'ஹம்ப்ஷயர்', அதாவது கூனன் சீமை, என்று அதற்குப் பட்டப்பெயரே இருந்தது. இதை முதல்முறை படித்தபோது என் தாய்மாமா நடந்து வருவதைக் கண்ணால் பார்த்தேன். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் அரம் பிடித்தவர். வீட்டுக்கு வந்தாலும் சத்தமாகத்தான் பேசுவார், காது பாதி போய்விட்டது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகர் பூட்டு வந்து, இயந்திரப் பூட்டு வந்து, பட்டறைகள் பெரும்பாலும் ஓய்ந்திருந்தன. பேப்பரில் செய்தியைக் காட்டியபோது மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கூலி ஏத்திட்டாங்களா?"

ஓஸ்போர்னின் கதைக்கும் இதே வாசனைதான். 1948இல் பிறந்து ஆஸ்டனில் வளர்ந்தவர். சின்ன வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா ராத்திரி ஷிப்டில் கருவிகள் செய்கிற தொழிலாளி, அம்மா லூகாஸ் தொழிற்சாலையில். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பையன் பார்த்த வேலைகளில் ஒன்று, கார் ஹாரன்களைச் சோதித்துச் சுருதி கூட்டுவது. நாள் முழுக்க ஹாரன் சத்தம். இன்னொன்று மாடறுக்கும் கொட்டடியில். இடையில் துணி திருடி மாட்டிக்கொண்டு, அபராதம் கட்ட அப்பா மறுத்ததால், வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம்.

கிதார்காரர் டோனி அயோமியின் கதை இன்னும் கொடூரமானது. வயது பதினேழு. தகடு அறுக்கும் தொழிற்சாலையில் அன்றோடு வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போவதாக இருந்தார். வேறொருவர் வராததால் பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்து, அது வழுக்கியதால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டிக்கொண்டார். தந்தி இறுக்கமாக இருந்தால் அந்தக் கைக்கு வலி, எனவே மெல்லிய தந்தி. 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினார். உலகமெங்கும் இளைஞர்கள் 'கனம்' என்று கொண்டாடுகிற அந்தத் தாழ்ந்த இரைச்சலில் அந்த விபத்தின் பங்கு பெரிது. ஒரு முதலாளியின் இயந்திரம் ஒரு தொழிலாளியின் உடலில் எழுதிய எழுத்து அது. அழகியல் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் எவ்வளவு பங்கு காயம் என்று கணக்குப் பார்க்கிற விமர்சன மரபு நம்மிடம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலை இருந்தது, அதனால் இந்த இசை பிறந்தது என்று சொல்லிவிட்டால் பழைய பிரதிபலிப்புக் கோட்பாட்டுக்கே திரும்பிப் போகிறோம். டெட்ராய்ட்டும் கார் செய்த ஊர்தான். மோட்டவுன் நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி கார் தொழிற்சாலைத் தொடரில் நின்று வேலை பார்த்தவர். அங்கே பிறந்த இசை மழமழவென்று பட்டு மாதிரி. கோட்டும் சூட்டுமாக வெள்ளைக்கார வரவேற்பறைக்குள் நுழைந்தாக வேண்டிய கறுப்பின மக்களுக்குச் சத்தத்தை மறைப்பதே தந்திரமாக இருந்தது. ஆஸ்டன் பையன்களுக்கு எந்த வரவேற்பறையிலும் வேலை இல்லை, அதனால் சத்தத்தை அப்படியே விட்டார்கள். எந்த ஊர் என்பதைவிட, அந்த ஊரில் எந்த வாசலில் நிற்கிறோம் என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது.

இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் கோடு போடுவது அதிகாரம் என்று 1977இல் பிரெஞ்சில் எழுதினார் ழாக் அத்தாலி. இசையின் மூலத்தை அவர் பலிச் சடங்கில் கொண்டுபோய் வைக்கிறார்: ஊரின் வன்முறையை ஓர் ஒழுங்குக்குள் அடக்கிக் காட்டுவது. மாடறுத்த கைதான் பிறகு மைக் பிடித்தது என்பதைப் பார்க்கும்போது அத்தாலியை உருவகமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி ஊர் திரும்பலுக்கு வருவோம். இந்த மனிதர் பல பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர். 2002இலிருந்து மூன்று வருஷம் எம்டிவி அவர் வீட்டுக்குள்ளேயே கேமரா வைத்து, உளறுகிற ஒரு தகப்பனாக அவரை விற்றது. 2022இல் இங்கிலாந்துக்கே திரும்பப்போவதாக அறிவித்தார். திரும்பியது எந்த ஊருக்கு? செத்தது பக்கிங்காம்ஷயர் மாளிகையில். ஆஸ்டனுக்கு அவர் வந்தது பாட மட்டுமே.

அவர் விட்டுப் போன ஆஸ்டனும் இப்போது இல்லை. கொல்லுப் பட்டறைகளும் கார் உதிரிபாகத் தொழிலும் எண்பதுகளோடு நொறுங்கின. அதே தெருக்களில் இன்று பெரும்பாலும் பாகிஸ்தான், வங்காளதேசம், கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள். குழு உருவான அதே 1968இல், ஏப்ரல் 20 அன்று, ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிரான பேர்பெற்ற உரையை ஆற்றியதும் பர்மிங்காமில்தான். குழுவுக்கு முதலில் இருந்த 'போல்கா டல்க்' என்ற பெயர் ஒரு தெற்காசியத் துணிக்கடையிலிருந்து வந்தது என்று ஒரு கதை, பவுடர் டப்பாவிலிருந்து வந்தது என்று இன்னொரு கதை. துணிக்கடைக் கதையே உண்மையாக இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. ஆஸ்டனை ஒட்டிய ஹேண்ட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பிய அப்பாச்சி இந்தியன் 1996இல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ரகுமான் இசையில் நம்மிடமே வந்து பாடினார். அந்த பர்மிங்காமும் வில்லா பார்க் மேடையில் இடம்பெற்றிருக்க வேண்டும். இல்லை. மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர் என்று அமெரிக்காவிலிருந்து பெரிய பெரிய குழுக்கள் வந்து வணங்கிப் போயின. ஊரின் இன்றைய சத்தம் மைதானத்துக்கு வெளியே நின்றது.

இன்னொரு சத்தமும் வெளியே நின்றது. அந்த நாளில் பர்மிங்காம் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மார்ச் 11இலிருந்து முழு வேலைநிறுத்தம். ஒரு பணிநிலையையே ஒழித்துச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள் என்பது அவர்கள் வழக்கு. 2023 செப்டம்பரில் திவால் நிலையை அறிவித்த மாநகராட்சி கலை அமைப்புகளுக்கான மானியத்தையும் வெட்டியிருந்தது. அதே மாநகராட்சி கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் நால்வருக்கும் நகரத்தின் உயரிய கௌரவத்தை வழங்கியது. தொழிலாளியின் மகனுக்கு மாலை, தொழிலாளிக்குச் சம்பள வெட்டு. அடுத்த மாதமே சென்னையில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்ததும், ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிப்போனதும் நமக்குத் தெரியும். எனவே இதைச் சீமைக் கதை என்று ஒதுக்க முடியாது. சத்தம் போடுகிற தொழிலாளி ஊருக்குத் தொல்லை. சத்தம் ஓய்ந்தபின் அவன் பாரம்பரியம்.

இவ்வளவும் சொன்னதால் அந்தக் கச்சேரி போலி என்று ஆகிவிடாது. வீடு திரும்புவதாகச் சொல்லும் அந்த மெதுவான பாட்டில் அவர் குரல் தடுமாறியது. சுருதி நழுவியது. எழுந்து நிற்க முயன்று முடியாமல் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்ட அந்த உடம்பை நான் பரிகாசமாகப் பார்க்கவில்லை. போரை மூட்டும் தளபதிகளையும் அதில் சாக அனுப்பப்படும் ஏழைகளையும் பற்றிய 1970ஆம் வருஷத்துப் பாட்டை நாற்பதாயிரம் பேர் கூடப் பாடியபோது மயிர்க்கூச்செறிந்தது, ஒளிக்கவில்லை. வந்த பணம் மருத்துவ நிறுவனங்களுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. ஆனால் இதே மனிதர் 1989இல் குடிவெறியில் மனைவி ஷாரனின் கழுத்தை நெரித்துக் கொலைமுயற்சி வழக்கில் கைதானவர். அவரைத் தூக்கி நிறுத்தி, வியாபாரம் பார்த்து, கடைசி மேடை வரை கொண்டுவந்ததும் அதே மனைவிதான். ஆண் ஊர் திரும்புகிற காவியங்களில் அதுவரை வீட்டைத் தாங்கியவள் எந்த மூலையில் நிற்கிறாள் என்று பார்ப்பது நல்ல வாசிப்புப் பயிற்சி.

மெட்டல் தமிழர்களிடம் வந்தபோது என்ன ஆனது? சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய 'ருத்ரா' குழுவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தமிழ் வம்சாவளியினர் முன்னின்று நடத்திய குழு. தீவிரமான உழைப்பு, நேர்மையான வாசிப்பு. ஆனால் அவர்கள் தேடிப்போனது சமஸ்கிருத மந்திரத்தையும் வேதாந்தத்தையும். 'வேத மெட்டல்' என்றே தங்கள் இசைக்குப் பெயர் வைத்தார்கள். 2001இல் வந்த இசைத்தட்டின் பெயரில் 'ஆரியன்' என்ற சொல்லே இருந்தது. மேன்மை என்ற பழம்பொருளில்தான் என்று விளக்கம் சொல்லலாம். இருந்தாலும் கேள்வி நிற்கிறது: கொட்டடியிலும் பட்டறையிலும் பிறந்த ஒரு சத்தம் நம்மவர் கைக்கு வந்ததும் ஏன் உபநிடதத்தைத் தேடி ஓடுகிறது? தோலும் இரும்பும் வீட்டிலேயே இருந்ததே.

தோல் என்று சொல்லிவிட்டேன், இனி சொந்தக் கதைக்குள் போகாமல் முடியாது. நத்தம் என்பது எங்கள் ஊர்ப்பெயர் மட்டுமல்ல. குடியிருக்கும் இடம் என்பது அதன் பொருள், இன்றும் வருவாய்த்துறை 'நத்தம் நிலம்' என்றுதான் எழுதுகிறது. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி. இரும்படிக்கிறவனுக்கும் தோலடிக்கிறவனுக்கும் நத்தத்தில் இடமில்லை. அவர்கள் சத்தம் மட்டும் நத்தத்துக்கு வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒலிக்கொள்கை அது.

என் தாத்தா பறை அடித்தவர். அவர் அடித்து நான் கேட்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார். நத்தம் பக்கத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ஒரு கேதத்துக்குப் போக மறுத்தார். அதன்பின் அந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. நத்தத்துக்கு வந்து கமிசன் கடையில் புளி மூட்டை தூக்கினார். தொண்ணூறுகளில் தலித் அரசியல் எழுந்தபோது இரண்டு குரல்கள் கேட்டன. இழிவின் அடையாளமான பறையைக் கீழே போடு என்றது ஒன்று. அது நம் விடுதலையின் இசை, கையிலெடு என்றது மற்றது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்து, வெளிநாட்டு மேடைகள் வரை போனார்கள். ஆணே அடிக்கும் சாவுமேளத்தைப் பெண்கள் மேடைக்குக் கொண்டுவந்தது சாதாரணக் காரியம் அல்ல. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். அமெரிக்கத் தமிழ் விழாக்களில் மென்பொருள் பொறியாளர்கள் பறை அடிக்கிறார்கள், தமிழரின் ஆதி இசை என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கொண்டாட்டக் கதையாடலில் கையிலெடுத்தவர்களுக்கு இடம் இருக்கிறது, கீழே போட்டவர்களுக்கு இல்லை. என் தாத்தா மாதிரி ஆட்களைப் பாரம்பரியத்தைத் தொலைத்தவர்கள் என்று பார்க்கிற ஒரு பார்வை நம் முற்போக்கு மேடைகளிலும் உண்டு. கல்லூரியில் எம்.ஏ. படிக்கும்போது ஒரு பேராசிரியர் நல்லெண்ணத்தோடு கேட்டார்: "உங்க வீட்லயே இருந்த கலையை ஏம்ப்பா விட்டீங்க?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். வில்லா பார்க்கைப் பார்த்தபின் தெரிகிறது. ஓஸ்போர்னை யாரும் ஏன் கொட்டடியை விட்டாய் என்று கேட்கவில்லை. விட்டதால்தான் அவருக்குப் பாட்டு வந்தது. விட்டுப் போகலாம் என்பது முதலில் உறுதியானால்தான் திரும்பி வருவது கொண்டாட்டம். ஆஸ்டன் அவரை வறுமையில் வைத்திருந்தது, ஆனால் அவர் பேரன் வரைக்கும் மாடறுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. வர்க்கத்துக்கும் சாதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பறையைக் கீழே வைத்தவர்தான் எங்கள் வீட்டில் முதலில் கலகம் செய்தவர். அவருடைய மௌனத்தையும் அந்த இசையின் வரலாற்றில் ஒரு தாளமாகச் சேர்த்து எழுதாதவரை, நாம் எழுதுகிற பறை வரலாறு அரைகுறைதான்.

அக்கா மகன் கோயம்புத்தூரில் இஞ்சினியரிங் படிக்கிறான். கல்லூரிக் கலைக்குழுவில் பறை கற்றிருக்கிறான். போன லீவில் வந்தபோது திண்ணையில் அடித்துக் காட்டினான், யாரோ வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் அந்தப் பழைய ஊரிலிருந்து எனக்கு போன். பேசியவர் தன்மையாகத்தான் பேசினார்.

"உங்க மருமகன் நல்லா அடிக்கிறானாமே தம்பி. இங்க ஒரு பெரிய கேதம். வரச் சொல்லுங்களேன். முன்ன மாதிரி இல்ல, பேசின காசு குடுத்துருவோம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பத்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனை வாங்கி, "அவன் பரிச்சைக்குப் போயிட்டான்" என்று சொல்லி, எங்கே அமுக்குவதென்று தெரியாமல் என்னிடமே நீட்டியது.

பையன் உள்ளேதான் இருந்தான். அவனுடைய பறையை அப்பத்தா மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தட்டிப் பார்த்தது.

"என்னடா இது, தோலு இல்ல?"

"பிளாஸ்டிக் பாட்டி. நெருப்புல காய்ச்ச வேணாம், மழையிலயும் தொய்யாது."

இன்னொரு தட்டு. குனிந்து முகர்ந்தது.

"நாத்தமும் இல்ல" என்றது.